நடுவில் இல்லாத நடுப்புள்ளி

நாசி கண்டார் சாப்பிடாத மலேசிய இளையரைக் காண்பது அரிது. ஆனால், அந்தப் பெயரில் உள்ள ‘கண்டார்’ எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். அது குழம்பின் பெயரில்லை. கம்பின் இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்கிச் செல்வதைக் குறிக்கும் மலாய்ச் சொல். பினாங்கில் அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறி வகைகளையும் தொங்கவிட்டு, நடந்தே விற்றார்கள். ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளும் பால் வாளிகளை இப்படித்தான் சுமந்தார்கள்.

இரண்டு வாளிகளிலும் பால் சமமாக இருந்தால் தோள் கம்பின் நடுவில் இருக்கும். ஒரு வாளி கனத்தால், தோள் அந்த வாளியின் பக்கமாகச் சற்று நகரும். எவ்வளவு நகர வேண்டும் என்று எந்தச் சூத்திரமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. தோளே சரியான இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. இயற்பியலில் அந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு: பொருண்மை மையம்.

‘பொருண்மை’ தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் பழக்கமான சொல்தான். கணிதப் பாடத்தில் கிராம், கிலோகிராம் கணக்குப் போட்டோமே, அதே பொருண்மை.

நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சனிக்கிழமைகளில் ஆறாம் படிவ மாணவர்கள் சிலருக்குப் பாடத்தில் உதவுகிறேன். மூலக்கூறு ஒன்றின் பொருண்மை மையத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கை அண்மையில் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி கேட்டார்: “அக்கா, தோள்ல தூக்கற கம்புக்கு மையம் வேணும், சரி. கண்ணுக்கே தெரியாத மூலக்கூறுக்கு மையம் கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறோம்? சோதனையில புள்ளி வாங்கறதைத் தவிர வேற ஏதாவது இருக்கா?”

மேற்படிப்புக்கு எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்று அவர் குழம்பிக்கொண்டிருந்த நேரம் அது. இயற்பியல் பிடித்திருந்தது, ஆனால் அதற்குப் பொருள் இருக்கிறதா என்ற ஐயமும் இருந்தது. அதனால் அவருடைய கேள்வியை நான் சிரித்துத் தள்ளவில்லை. அன்று அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு அணு, ஒரு கம்பு

எளிய மூலக்கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார்பன் மோனாக்சைடு, கார் புகையில் இருக்கும் அதே நச்சு வாயு. ஒரு கார்பன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. கார்பனின் பொருண்மை 12, ஆக்சிஜனின் பொருண்மை 16. இவை அணுப் பொருண்மை அலகில் உள்ள எண்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 112.8 பிகோமீட்டர். ஒரு மீட்டரை ஒரு லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு பிகோமீட்டர்.

அணுவில் எலெக்ட்ரான்களும் இருக்கின்றனவே, அவற்றை ஏன் தனியாகக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். ஒரு புரோட்டானின் பொருண்மையில் ஏறக்குறைய 1,836இல் ஒரு பங்குதான் ஓர் எலெக்ட்ரான். இந்த மூலக்கூறில் உள்ள 14 எலெக்ட்ரான்களையும் கூட்டினாலும் மொத்தப் பொருண்மையில் 0.03 விழுக்காடுகூட வராது. ஆகவே ஒவ்வோர் அணுவின் முழுப் பொருண்மையும் அதன் கருவில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கம்பின் இரு முனைகளில் இரு வாளிகள். அவ்வளவுதான் நம் படம்.

இனி கணக்கு. கார்பன் இருக்கும் இடத்தைச் சுழியம் என்று வையுங்கள். ஆக்சிஜன் 112.8இல் இருக்கிறது. ஒவ்வோர் அணுவின் பொருண்மையையும் அது இருக்கும் இடத்தின் எண்ணால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, மொத்தப் பொருண்மையால் வகுங்கள்.

12 × 0 = 0
16 × 112.8 = 1,804.8
1,804.8 ÷ 28 = 64.46

பொருண்மை மையம் கார்பனிலிருந்து 64.46 பிகோமீட்டர் தூரத்திலும், ஆக்சிஜனிலிருந்து 48.34 பிகோமீட்டர் தூரத்திலும் இருக்கிறது. சரியான நடுவிடம் 56.4. அதைத் தாண்டி ஆக்சிஜன் பக்கமாக, அதாவது கனத்த வாளியின் பக்கமாக, நகர்ந்திருக்கிறது. விடையைச் சரிபார்ப்பதும் எளிது. 12 × 64.46, 16 × 48.34 ஆகிய இரண்டுமே 773.5ஐ ஒட்டி வருகின்றன. கம்பு சாயவில்லை.

“சுழியத்தைக் கார்பனில்தான் வைக்க வேண்டுமா?” என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. வேண்டியதில்லை. ஆக்சிஜனில் வைத்துப் பாருங்கள். 12 × 112.8 ÷ 28 = 48.34. எண் மாறிவிட்டது; ஆனால் அது காட்டும் இடம் அதேதான். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவின் தூரம் வேறு, பினாங்கிலிருந்து ஈப்போவின் தூரம் வேறு. அதனால் ஈப்போ இடம் மாறிவிடுவதில்லை. சுழியம் நம் வசதிக்கு நாம் வைப்பது. மையமோ மூலக்கூறுக்குச் சொந்தமானது.

மூன்று அணு இருந்தால்?

தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜன்களும் இருக்கின்றன. அவை நேர்க்கோட்டில் இல்லை. ஆக்சிஜனை முனையாகக் கொண்டு ஹைட்ரஜன்கள் 104.5 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்கின்றன. ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஆக்சிஜனிலிருந்து 95.8 பிகோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

இதை ஒரே மூச்சில் செய்ய வேண்டாம்; இரண்டு படிகளாகச் செய்யலாம். முதலில் இரண்டு ஹைட்ரஜன்களை மட்டும் பாருங்கள். இரண்டும் சம பொருண்மை. ஆகவே அவற்றின் மையம் இரண்டுக்கும் நடுவில். கோணத்தின் பாதியை எடுத்துக் கோசைன் போட்டால், அந்த நடுவிடம் ஆக்சிஜனிலிருந்து 58.7 பிகோமீட்டர் தூரம் என்று வரும். இப்போது இரண்டு ஹைட்ரஜன்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருண்மை 2 உள்ள ஒரே வாளியைத் தொங்கவிடுங்கள். மறுமுனையில் பொருண்மை 16 உள்ள ஆக்சிஜன். மறுபடியும் இரண்டு வாளிக் கணக்காகிவிட்டது.

2 × 58.7 ÷ 18 = 6.5

ஆக்சிஜனிலிருந்து வெறும் 6.5 பிகோமீட்டர். அந்த இடத்தில் எந்த அணுக்கருவும் இல்லை. ஆக்சிஜனின் கரு அதைவிடப் பல நூறு மடங்கு சிறியது. ஆகவே இந்தப் புள்ளி கருவுக்கு நன்றாக வெளியே இருக்கிறது. பொருண்மை ‘மையம்’ என்கிறோம், ஆனால் அங்கே பொருண்மை என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. தண்ணீரில் மட்டும் இப்படி இல்லை. நாம் முதலில் பார்த்த கார்பன் மோனாக்சைடிலும் மையம் இரு கருக்களுக்கும் இடையில்தான் விழுந்தது.

அப்படியானால் அந்தப் புள்ளி வெறும் கற்பனையா? மாணவி கேட்ட கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மூலக்கூறு எதைச் சுற்றிச் சுழல்கிறது?

சுத்தியலைச் சுழற்றி மேலே எறிந்தால் அது தன் பிடியின் நடுவைச் சுற்றிச் சுழலாது. இரும்புத் தலைக்கு அருகே உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித்தான் சுழலும். அந்தப் புள்ளிதான் சுத்தியலின் பொருண்மை மையம். தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் சுழலும் எந்தப் பொருளும் இப்படித்தான். வாயுவில் மிதக்கும் மூலக்கூறும் அப்படியே.

ஒரு பொருள் சுழலும்போது, ஒவ்வோர் அணுவின் பொருண்மையையும் மையத்திலிருந்து அதன் தூரத்தின் இருமடியால் பெருக்கிக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் பெரிதானால் பொருளைச் சுழற்றுவது கடினம், சிறிதானால் எளிது. கார்பன் மோனாக்சைடுக்கு அதைக் கண்டுபிடிப்போம்.

12 × 64.46 × 64.46 = 49,861
16 × 48.34 × 48.34 = 37,388
கூட்டினால் 87,249.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூலக்கூறு நாம் விரும்பும் எந்த வேகத்திலும் சுழலாது. குவாண்டம் விதிப்படி அதற்குச் சில குறிப்பிட்ட சுழற்சி நிலைகள் மட்டுமே உண்டு. முதல் நிலையிலிருந்து சுழற்சியே இல்லாத அடிநிலைக்கு இறங்கும்போது, கார்பன் மோனாக்சைடு ஒரு வானொலி அலையை வெளியிடுகிறது. அதன் அலைவெண் 115.27 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறக்குறைய 2.6 மில்லிமீட்டர். மேலே கண்ட எண் கூடினால் இந்த அலைவெண் அதே விகிதத்தில் குறையும்.

இப்போது ஒரு சோதனை. இயற்கையில் உள்ள கார்பன் அணுக்களில் நூற்றில் ஏறக்குறைய ஒன்று கொஞ்சம் கனமானது. அதன் பொருண்மை 13. அதைக் கார்பன்-13 என்கிறோம். வேதியியல் குணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆக்சிஜனுடன் அதே 112.8 பிகோமீட்டர் தூரத்தில் பிணைகிறது. மாறுவது கார்பனின் பொருண்மையும், அதனால் பொருண்மை மையமும்தான்.

16 × 112.8 ÷ 29 = 62.23

மையம் கார்பனை நோக்கி 2 பிகோமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்துவிட்டது. புதிய தூரங்களை வைத்து மறுபடியும் பெருக்கிக் கூட்டினால் 91,261 வரும். 87,249ஐ 91,261ஆல் வகுத்து, 115.27ஆல் பெருக்குங்கள். விடை 110.20 கிகாஹெர்ட்ஸ்.

கருவிகள் அளந்து சொல்லும் எண்ணும் 110.20தான்.

ஒரு வேளை, “மையம் என்றால் நடுதானே” என்று எண்ணி இரண்டு அணுக்களின் சரியான நடுவிடத்தையே வைத்துக் கணக்குப் போட்டிருந்தால்? 111.30 என்று வந்திருக்கும். தொலைநோக்கியை அந்த அலைவெண்ணுக்குத் திருப்பி வைத்துக் காத்திருந்தால் இந்த மூலக்கூறின் குரல் கேட்காது. வெறும் புள்ளி என்று நினைத்தது, எந்த அலைவரிசையில் கேட்க வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது.

ஓரியனில் கேட்ட குரல்

இது தாளில் மட்டும் நடக்கும் விளையாட்டில்லை. 1970இல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், அர்னோ பென்சியாஸ் ஆகிய மூன்று அறிவியலாளர்கள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிட் பீக் மலைமேல் இருந்த 36 அடி வானொலித் தொலைநோக்கியை ஓரியன் நெபுலாவின் பக்கம் திருப்பினார்கள். கருவியை 115.27 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வைத்தார்கள். கார்பன் மோனாக்சைடின் குரல் தெளிவாகக் கேட்டது. அடுத்த ஆண்டே, கார்பன்-13 கலந்த கார்பன் மோனாக்சைடையும் விண்வெளியில் கண்டதாக அதே மூவர் அறிவித்தார்கள். பேரண்டத்தின் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்ததற்காக 1978இல் நொபெல் பரிசு பெற்ற பென்சியாஸும் வில்சனும் இவர்கள்தான்.

ஓரியனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆண்டு முடிவில், மழை விட்ட இரவுகளில், மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்பது தெரியும். நம் முன்னோர் திருவாதிரை என்று அழைத்த செந்நிற நட்சத்திரமும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தள்ளி மங்கலாகத் தெரியும் புகைப்படலம்தான் ஓரியன் நெபுலா. அங்கே புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

நட்சத்திரங்கள் பிறக்கும் வாயுக் கூட்டங்களில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன் மூலக்கூறு. ஆனால் அது இரண்டு ஒரே மாதிரியான அணுக்களால் ஆனது. அதன் மின்னூட்டம் எந்தப் பக்கமும் சாய்ந்திருப்பதில்லை. அதனால், குளிர்ந்த அந்தக் கூட்டங்களில் ஹைட்ரஜன் வானொலியில் பேசுவதில்லை. கார்பன் மோனாக்சைடில் மின்னூட்டம் சற்றே சாய்ந்திருக்கிறது. அளவில் மிகக் குறைவாக இருந்தாலும் அது பேசுகிறது. வானியலாளர்கள் அதன் குரலைக் கேட்டு, பேசாத ஹைட்ரஜன் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுகிறார்கள்.

கார்பன்-13இன் பங்கு இங்கேதான் பெரிதாகிறது. அடர்ந்த வாயுக் கூட்டத்தில் சாதாரண கார்பன் மோனாக்சைடு அளவுக்கு அதிகம். உள்ளே இருந்து வரும் அலையை வெளியே இருக்கும் அதே மூலக்கூறுகள் விழுங்கிவிடுகின்றன. மேற்புறம் மட்டுமே நமக்குத் தெரியும். கார்பன்-13 உள்ளதோ குறைவு. அதன் அலை தடைப்படாமல் வெளியே வருகிறது. இரண்டும் ஒரே அலைவெண்ணில் பேசியிருந்தால் நம்மால் பிரித்துக் கேட்டிருக்க முடியாது. கார்பனின் பொருண்மை கூடி, மையமும் 2 பிகோமீட்டர் நகர்ந்ததும் சுழற்சிக் கணக்கு மாறுகிறது. அதனால் ஒன்று 115.27இலும் மற்றது 110.20இலும், இரண்டு வானொலி நிலையங்களைப் போலத் தனித்தனியாகக் கேட்கின்றன.

நடுவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்

இன்னொரு மூலக்கூறைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு, ‘சிரிப்பூட்டும் வாயு’ என்பார்கள். நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்ற வரிசையில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. நைட்ரஜனின் பொருண்மை 14. முதல் இரண்டுக்கும் இடையே சுமார் 113 பிகோமீட்டர். அடுத்த இரண்டுக்கும் இடையே சுமார் 118. நடு நைட்ரஜனைச் சுழியமாக வைத்து, ஆக்சிஜன் பக்கத்தைக் கூட்டலாகவும் மறுபக்கத்தைக் கழித்தலாகவும் எடுத்துக்கொண்டால், மையம் நடு நைட்ரஜனிலிருந்து ஏறக்குறைய 7 பிகோமீட்டரிலேயே வந்துவிடும்.

ஓர நைட்ரஜனை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கனமான நைட்ரஜன்-15ஐ வைத்தால், சுழற்சிக்கான அந்த எண் ஏறக்குறைய 3.5 விழுக்காடு கூடுகிறது. நடு நைட்ரஜனை மாற்றினாலோ 0.01 விழுக்காட்டை ஒட்டித்தான் கூடுகிறது. மையத்துக்கு அருகே நிற்கும் அணு கனத்தாலும் இளைத்தாலும் சுழற்சிக்கு அது தெரிவதே இல்லை. தூரத்தில் நிற்பவரின் மாற்றம் மட்டுமே பெரிதாகத் தெரிகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஓர் அணுவை மாற்றும்போது அலைவெண் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தால், அந்த அணு மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த வழிமுறைக்கான சமன்பாடுகளை 1953இல் கிரைட்ச்மன் என்பவர் வெளியிட்டார். ஒவ்வோர் அணுவாக மாற்றி அளந்து, யாரும் கண்ணால் காணாத மூலக்கூறின் வடிவத்தையே வேதியியலாளர்கள் இதன் மூலம் வரைகிறார்கள்.

பதில் இதுதான்

இயற்பியல் படிக்கிறேன் என்று சொன்னால் உறவினர் வீட்டு விசேஷங்களில் தவறாமல் வரும் கேள்வி, “படிச்சு என்னம்மா ஆகப் போற?” என்பது. வேலை, சம்பளம் பற்றிய கவலை நியாயமானது. நம் குடும்பங்களில் படிப்பு என்பது பெற்றோரின் பல ஆண்டு உழைப்பு. அந்தக் கேள்வியை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். பெருக்கல், கூட்டல், வகுத்தல் மட்டும் தெரிந்த ஒரு மாணவர், ஒரு தாளில் பத்து வரிகள் எழுதி, சுமார் 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்து வரும் அலையின் அலைவெண்ணை இரண்டு தசம இடம் வரை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். இதற்குக் கோடி ரிங்கிட் கருவி வேண்டாம். புள்ளிகளுக்காக மனப்பாடம் செய்த சூத்திரத்தால் இந்த நிறைவு வராது. மையம் ஏன் நடுவில் இல்லை என்று புரிந்துகொண்டால் வரும்.

நீங்களே செய்து பார்க்க ஒன்று தருகிறேன். ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறில் ஹைட்ரஜனின் பொருண்மை 1. இடைத்தூரம் 127 பிகோமீட்டர். இயற்கையில் உள்ள குளோரினில் ஏறக்குறைய முக்கால் பங்கின் பொருண்மை 35, மீதியின் பொருண்மை 37. இரண்டுக்கும் தனித்தனியாக மையத்தைக் கண்டுபிடியுங்கள். மையம் எந்தப் பக்கம் நகர்கிறது? கார்பன் மோனாக்சைடில் நகர்ந்த அளவுக்கு நகர்கிறதா? ஏன்?

விடைத்தாளைத் திருத்தித் தர ஆசிரியர் வேண்டியதில்லை. நீங்கள் கண்ட புள்ளியின் இருபுறமும் பொருண்மையைத் தூரத்தால் பெருக்குங்கள். இரண்டு பெருக்கலும் சமமாக வந்தால், விடை சரி.